சிரிக்காமல் பகிடி சொன்ன பரமேஸ் டீச்சர்

செவ்வாய்க்கிழமை காலை கடைக் கதவைப் பாதி தூக்கியிருந்தபோது என் அக்கா மகள் கௌசியின் அழைப்பு வந்தது. "பரமேஸ் டீச்சர் போயிட்டாங்க மாமா" என்றாள். அதற்கு மேல் அவளுக்கு வார்த்தை வரவில்லை. கௌசிக்கு வார்த்தை வராமல் போவது சூரியன் மேற்கே பேராதனைப் பக்கம் உதிப்பதைப் போன்ற சங்கதி. இதற்கு முன் ஒரே ஒரு தடவை அது நடந்திருக்கிறது. அப்போதும் காரணம் டீச்சர்தான்.

கல்லாவில் இருந்த அத்தானிடம், கௌசியின் அப்பாவிடம், விஷயத்தைச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நெசமாவா மாப்ள? இல்ல, இதுவும் டீச்சர் சொல்லிவிட்ட பகிடியா?"

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. டீச்சரை அறிந்த உங்களுக்கு அந்தக் கேள்வி விளங்கும். கணவரின் உத்தியோகத்தோடு யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்து, அவர் காலமான பிறகும் இங்கேயே தங்கி, வீட்டின் முன்னறையிலேயே நேர்சரி நடத்தியவர். கண்டியின் பாதிப் பேருக்கு மூக்குத் துடைக்கக் கற்றுக்கொடுத்தவர் என்று சொன்னால் மீதிப் பாதி கோபித்துக்கொள்ளும். அவருடைய முகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். கண்டி வாவி பெருகி, மீன்கள் தாமாகவே மார்க்கெட்டுக்குள் நடந்து வந்து தங்கள் விலையைச் சொன்னாலும் அந்த முகத்தில் ஒரு கோடு அசையாது. அந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் அவர் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோரிடம் பேசுவார். நாள் முழுவதும் அழுத ஒரு பையனை அவன் தாயிடம் ஒப்படைக்கும்போது, "இவர்தான் எங்கட தண்ணீர் வழங்கல் பகுதி" என்றார். மற்றவர்களின் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து சாப்பிட்ட இன்னொருவனைப் பற்றி, "எல்லாற்றை வீட்டுச் சமையலையும் பரிசோதிச்சு அறிக்கை தாறவர்" என்றார். பெற்றோர் சிரிப்பதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் தெரு முனை வரை யோசித்துக்கொண்டே போவார்கள்.

கௌசி அவருடைய நேர்சரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் பரீட்சை எழுதிவிட்டு, அரசாங்கம் ஏதாவதொரு திணைக்களத்தை என் பொறுப்பில் விடும் என்று காத்திருந்த காலம் அது. திணைக்களம் வரும் வரைக்கும் அக்கா கௌசியை என் பொறுப்பில் விட்டிருந்தாள். மத்தியானம் நேர்சரி வாசலில் போய் நிற்கவேண்டும். பிள்ளையையும், டீச்சரின் வாயிலிருந்து வருவதையும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவரவேண்டும். எங்கள் குடும்பத்தின் வெளிவிவகார அமைச்சர் என்று என்னை நானே நியமித்துக்கொண்டிருந்தேன்.

நாலு வயதுக் கௌசி சாதாரணப் பிள்ளை அல்ல. அவள் குரல் எழுந்தால் மகாவலியின் அக்கரையில் துணி துவைப்பவர்கள் இடுப்பில் கைவைத்து நிமிர்வார்கள். அத்தானின் புடவைக் கடையில் துணிக் கட்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "ஆன்ட்டி, அந்தக் கலர் உங்களுக்கு நல்லால்ல" என்று வாங்க வந்தவர்களைத் திருப்பி அனுப்புவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர் வாசலில் என்னை நிறுத்தினார்.

"தம்பி, உம்மட மருமகள் இண்டைக்கு என்னை வேலையால நிப்பாட்டிப் போட்டா."

"என்னாங்க டீச்சர் சொல்றீங்க?"

"நான் நரிக் கதையைப் பிழையாச் சொல்லிப்போட்டனாம். என்னைப் பாயில இருத்திப்போட்டு, கதிரையில தான் ஏறி இருந்து மிச்சக் கதையைச் சொன்னவ. இனி நான் வரத் தேவையில்லையாம். அவ சொன்ன கதை நல்லாத்தான் இருந்தது."

முகம் மட்டும் மரண அறிவித்தல் வாசிப்பவரின் முகம்.

இரவுச் சாப்பாட்டில் இதை ஒரு எழுத்துக் குறையாமல் சமர்ப்பித்தேன். அக்கா கையை உதறிவிட்டு, "ஐயோ, டீச்சரையே ஏறி மிதிச்சிருக்கா பாருங்க. இனி எந்த ஸ்கூல்ல இவள சேப்பாங்க?" என்றாள். அத்தான் வேறொரு கேள்வி கேட்டார்.

"சொல்றப்போ சிரிச்சாங்களா?"

"அவங்க என்னைக்கு அத்தான் சிரிச்சிருக்காங்க?"

"அப்ப அது குறைதான் மாப்ள."

அத்தான் வியாபாரி. வாங்கிய துணியைத் திருப்பிக் கொண்டுவருகிறவரோடு வாதாடக்கூடாது, மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்துவிடவேண்டும் என்பது அவர் கடையின் சட்டம். அந்தச் சட்டத்தைப் பெற்ற மகளுக்கும் பிரயோகித்தார். சனி, ஞாயிறு முழுவதும் பயிற்சி நடந்தது. கையைக் கட்டு. கண்ணைத் தாழ்த்து. கேட்டால் மட்டும் பதில் சொல். திங்கட்கிழமை காலை பழத்தட்டோடு அத்தானே நேரில் போனார். நான் பின்னால் போனேன்.

"தப்பு நடந்துபோச்சுங்க டீச்சர். இனிமே நடக்காதுங்க."

டீச்சர் பழத்தைப் பார்த்தார். கை கட்டி நின்ற பிள்ளையைப் பார்த்தார். "எது நடக்காது?"

"இந்தப் புள்ள இனி வாயத் தொறக்காதுங்க."

உள்ளே யாரோ விழுந்து அழுத சத்தம் கேட்டது. டீச்சர் திரும்பி ஓடவேண்டியதாயிற்று.

கௌசி உண்மையாகவே வாயைத் திறக்கவில்லை. நேர்சரியில் மட்டும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். வீட்டிலும் இல்லை, கடையிலும் இல்லை. சோறு வேண்டும் என்றால் தட்டைப் பார்த்தாள். ஒரு பெண் தனக்குக் கொஞ்சமும் பொருந்தாத மஞ்சளை எடுத்து மேலே போட்டுப் பார்த்தபோது, கௌசி தலையைக் குனிந்துகொண்டாள். கடைப் பையன்கள் வேலை ஓடாமல் நின்றார்கள். அக்கா முதலில் சந்தோஷப்பட்டாள். பிறகு பிள்ளையின் நெற்றியில் கை வைத்து வைத்துப் பார்க்கத் தொடங்கினாள்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு மத்தியானம் கெஞ்சினேன். "ஏதாச்சும் பேசுடா கண்ணு. மாமாவத் திட்டவாச்சும் செய்."

என் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நான் பேசுனா டீச்சருக்கு வேல போயிடும் மாமா."

வெள்ளிக்கிழமை இரவு நாங்கள் பேசியதை எல்லாம் அவள் அடுத்த அறையிலிருந்து கேட்டிருக்கிறாள். டீச்சரின் பகிடியை நாங்கள் குறை என்று எடுத்துக்கொண்டோம்; அவள் அதைச் செய்தி என்று எடுத்துக்கொண்டாள். தன் வாயால் ஒரு மனுசியின் வேலை போய்விட்டது என்று நம்பிக்கொண்டு அந்தச் சின்ன உயிர் நாள்கணக்கில் நடமாடியிருக்கிறது.

மறுநாள் இதை டீச்சரிடம் சொன்னேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக அவரிடமிருந்து வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.

சாயந்தரம் கடைக்கே வந்துவிட்டார். தீபாவளி நெருங்கிய நேரம்; அக்காவும் கௌசியும்கூடக் கடையில்தான் இருந்தார்கள். மழைக்கு ஒதுங்கியவர்களும் சேர்ந்து, இலங்கையின் சனத்தொகை முழுவதும் எங்கள் கடைக்குள்தான் நின்றது. அத்தான் கல்லாவைத் தாண்டிக் குதித்து வந்து கதிரை போட்டார். டீச்சர் உட்காரவில்லை.

"ஒரு சாமான் மாத்த வந்தனான்."

"எதுவா இருந்தாலும் மாத்திக் குடுத்துடறேங்க. பில்லுகூட வேணாம்."

"வெள்ளிக்கிழமை நான் உங்களுக்கு ஒரு பிள்ளையை அனுப்பினனான். திங்கக்கிழமை நீங்கள் வேற பிள்ளையைத் தந்து விட்டிருக்கிறியள். எனக்கு முந்தினதுதான் வேணும்."

அளவுகோல் பிடித்திருந்த கைகள் அப்படியே நின்றன. அத்தானுக்கு வியர்த்துவிட்டது.

"நீங்கதானே டீச்சர் குறை சொல்லி அனுப்புனீங்க?"

"குறையோ? நான் பகிடியெல்லோ சொன்னனான்."

"டீச்சருங்க பகிடி சொல்லுவாங்களா?" அத்தான் உண்மையாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். அவர் படித்த தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் பிரம்பால்தான் பேசியிருந்தார்கள்.

டீச்சர், துணிக் கட்டுகளுக்குப் பின்னால் கை கட்டி நின்ற கௌசியின் முன் குந்தி உட்கார்ந்தார். சேலைக் கரை மழைச் சேற்றில் தோய்ந்தது.

"பிள்ளை, என்னை வேலையால நிப்பாட்டினனீர். இப்ப வேலை கேட்டு வந்திருக்கிறன். எடுப்பீரோ, மாட்டீரோ?"

கௌசி அப்பாவைப் பார்த்தாள். அத்தான் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கடைசியில் தானே போய் மகளின் கட்டிய கைகளை மெதுவாகப் பிரித்துவிட்டார். "பேசு தாயி. டீச்சருக்கு வேல எங்கயும் போகல. உன் வாயாலயே சொல்லு."

கௌசி கொஞ்சம் யோசித்தாள்.

"நரிக் கதைய ஒழுங்கா சொல்லுவீங்களா?"

"முயற்சி செய்யிறன்."

"அப்ப வாங்க."

அந்தச் சிரிப்பில் கடையின் கூரை எழும்பி ஹந்தானை மலையில் போய் இறங்கியது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, "நன்றி அம்மா" என்றார். அவர் வெளியே போகும்போது கௌசி பின்னாலிருந்து, "டீச்சர், சேலையில சேறு" என்று மகாவலி வரைக்கும் கேட்கச் சொன்னாள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

குடை பிடித்து குட்ஷெட் பஸ் நிலையம் வரை நான் கூடப் போனேன். இவ்வளவு சிக்கல் வருகிறதே, நேராகவே சொல்லிவிடலாமே என்று கேட்டேன். நின்று, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நாலு வயசுப் பிள்ளையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல ஆருக்கும் உரிமையில்லைத் தம்பி. அடங்காதது எண்டு நான் ஒருக்காச் சொன்னால், அது கலியாணம் கட்டுமட்டும் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் பகிடியாச் சொல்லுறன். பகிடியை நாளைக்கு மாத்திப்போடலாம்."

மாற்றிக்கொண்டேதான் இருந்தார். கௌசி வளர வளர, எங்கே கண்டாலும் அவளைப் பற்றி என்னிடம் புதிதாக ஒன்று சொல்வார். முந்தியதை வாபஸ் வாங்கிக்கொள்வார். நானும் ஒவ்வொன்றையும் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். அத்தான் ஒவ்வொரு தடவையும், "குறையா, பாராட்டா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொள்வார்.

போன மாதம் கௌசியும் நானும் டீச்சரைப் பார்க்கப் போனோம். கௌசி இப்போது ஓர் அலுவலகத்தில் ஒரு பிரிவுக்குத் தலைவி. தலைவி அல்லாத இடங்களிலும் தலைவிதான். போன வேகத்தில் தலையணையை மாற்றினாள், ஜன்னலைத் திறந்தாள், பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குப் புதிய சட்டங்கள் போட்டாள். பிறகு கட்டிலருகே உட்கார்ந்தாள். டீச்சர் நூல் போன்ற குரலில், விட்டு விட்டு, தன் சின்ன வயதுக் கதை ஒன்றைச் சொன்னார். பல இடங்களில் தடுமாறினார். சொன்னதையே திரும்பச் சொன்னார். கௌசி ஓரிடத்திலும் திருத்தவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு முடியும் வரை கேட்டாள்.

புறப்படும்போது டீச்சர் என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"தம்பி, உம்மட மருமகள் இப்ப மற்றவை கதைக்கிறதையும் கேக்கிறா. எனக்குக் கொஞ்சம் யோசினையாக் கிடக்கு."

வழக்கம்போல வீட்டில் வந்து சமர்ப்பித்தேன். அத்தானும் வழக்கம்போலக் கேட்டார். அடுத்த முறை போகும்போது டீச்சரிடமே கேட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வசனம். அதை மாற்றிச் சொல்ல இனி அவர் வரப்போவதில்லை. எதையும் பத்து மடங்காக்கிச் சொல்பவன் நான் என்பது கண்டிக்கே தெரியும். இதை மட்டும் அவர் சொன்ன அளவிலேயே வைத்திருக்கிறேன்.