இலையோடு ஒரு கொழுக்கட்டை

நேற்று மெல்பேர்னில் ஒரு ஜப்பானியக் கடையில் உப்பிட்ட செரி இலையின் வாசம் மூக்கில் ஏறியதும், எழுபதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து இதே ஊருக்கு நாங்கள் குடிவந்த காலத்தின் ஒரு செப்டெம்பர் பகலுக்குப் போய்விட்டேன். இங்கே வசந்தம் செப்டெம்பரில்தான்.

பக்கத்து வீட்டு ஹரூக்கோ அன்ரி, தன் செரி மரம் பூத்ததும் அதன் கீழே பாய் விரித்து எங்களைக் கூப்பிட்டார். ஜப்பானில் வசந்தம் வந்தால் அப்படித்தானாம். செரி இலையில் சுற்றிய இளஞ்சிவப்புச் சோற்றுருண்டை தந்தார். உள்ளே இனித்த பயறு. வாழையிலை போலத்தானே என்று நாங்கள் இலையை உரித்து ஓரமாக வைத்தோம். அன்ரியோ இலையோடு கடித்தார்.

அம்மா பதிலுக்குக் கொழுக்கட்டை நீட்டினார். வாழையிலை கிடைக்காத ஊர் என்பதால், ஒட்டாமலிருக்க ஒவ்வொன்றின் அடியிலும் எலுமிச்சை இலை வைத்து அவித்திருந்தார். அன்ரி அந்த இலையையும் சேர்த்தே மென்றார்.

"ஐயோ, இலை தின்னுறேல்லை எண்டு சொல்லுங்கோவன்!" அம்மா பதறினார்.

"பேசாமல் இரும். அவ வெக்கப்பட்டுப் போவா," என்று சொல்லிவிட்டு அப்பா தன் கொழுக்கட்டையை இலையோடு வாயில் போட்டார். பிறகு அம்மா. பிறகு நாங்கள். கசப்பில் முகம் கோண, பூ உதிரும் மரத்தடியில் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டோம்.

அன்ரி ஆண்டுதோறும் கொழுக்கட்டைக்கு வந்தார். அதனால் இலையோடு தின்பதே எங்கள் வீட்டு வழக்கமானது.

யாழ்ப்பாணத்தில் எல்லோரும் கொழுக்கட்டையை இலையோடுதான் சாப்பிடுவார்கள் என்று என் பிள்ளைகள் இன்றைக்கும் நம்புகிறார்கள்.