இரண்டையும் ஊற்றச் சொன்னது நான்தான்

பழனியம்மாளின் நுரையீரலைக் கெடுத்தவள் நான்.

அவராகக் கலக்கவில்லை. தெரியாத்தனமாகவும் செய்யவில்லை. நான் சொன்னேன், அவர் செய்தார். இத்தனை ஆண்டுகளாக எல்லோரிடமும் நான் சொல்லிவந்தது பொய்... முழுப் பொய்!

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு தனியார் மருத்துவமனையில் துப்புரவுப் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். எந்தத் தரையை எதனால் துடைப்பது, எதில் எவ்வளவு தண்ணீர் சேர்ப்பது, எதை எதோடு சேர்க்கவே கூடாது என்றெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் அந்த வேலையைத் தந்தார்கள். ஆகவே, 'தெரியாமல் சொல்லிவிட்டேன்' என்று உங்களிடம் தப்பித்துக்கொள்ள எனக்கு வழியில்லை. ஆசிட்டும் ப்ளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் விஷப்புகை கிளம்பும். தெரியும். நன்றாகவே தெரியும்!

பழனியம்மாள் இளம்பிள்ளையிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். அதற்கு முன் தறிக்கூடத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவர். "அங்கிருந்தா மூக்கெல்லாம் பஞ்சு, அம்மிணி. இங்கன்னா சுத்தமான காத்து" என்று சொல்லிச் சிரிப்பார். நான் அவரை அக்கா என்பேன். உரத்த குரல் அவருக்கு. மாடியில் அவர் பேசினால் கீழே மருந்துக்கடையில் கேட்கும்.

அன்று காலை, மருத்துவமனையின் தரத்தைப் பார்த்துச் சான்று கொடுக்க வெளியூரிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. முதல் மாடியின் பொதுக் கழிப்பறையில் தரையெல்லாம் மஞ்சள் கறை. உப்புத் தண்ணீர்க் கறை, எளிதில் போகாது. முதல் நாளே அதை நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. குழு புறப்பட்டுவிட்டது என்று போன் வந்ததும் மாடிக்கு ஓடினேன்.

பழனியம்மாள் ப்ளீச்சிங் கரைத்துத் தரை முழுவதும் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"போக மாட்டேங்குது சாமி. கொஞ்சம் ஊறோணும்" என்றார்.

"ஊறுறதுக்கெல்லாம் நேரமில்லக்கா! ஆசிட்டையும் அது மேலயே ஊத்துங்க. ரெண்டும் சேந்தா சட்டுனு வெளுத்துரும்."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "ரெண்டையும் ஒண்ணாவா?"

"ஆமாங்க்கா, ஊத்துங்க! கதவச் சாத்திக்குங்க, வாடை வெளிய வந்தா பேஷண்டுங்க கத்துவாங்க."

இதுதான் நான் சொன்னது. ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அந்த அறையில் புகையை வெளியே தள்ளும் காற்றாடி ஓடாமல் கிடந்தது எனக்குத் தெரியும். முகமூடியும் கையுறையும் என் அலமாரியில் இருந்தன. சாவி என் இடுப்பில்! எடுத்துக் கொடுக்க எவ்வளவு நேரமாகியிருக்கும்? சொல்லுங்கள்... எவ்வளவு நேரம்?

நான் வரவேற்பறைக்கு ஓடினேன். பூச்சாடிகளைச் சரிசெய்துகொண்டிருந்தபோது மேலே யாரோ அலறினார்கள். படியேறுவதற்குள் அந்த வாடை என் கண்ணைக் கரித்தது. கழிப்பறைக் கதவு பாதி திறந்திருக்க, பழனியம்மாள் வாசலில் தவழ்ந்துகொண்டிருந்தார். எழ முடியவில்லை. வாயைத் திறக்கிறார், மூச்சு உள்ளே போகவில்லை. கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டுகிறது. இருமல் என்று அதைச் சொல்லக் கூடாது... உள்ளே எதையோ கிழிக்கும் ஓசை அது.

நர்ஸுகள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மருத்துவமனைக்குள்ளேயே நடந்ததால் உயிர் தப்பியது என்று பிறகு எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அவருக்கு ஆக்ஸிஜன் வைத்துக்கொண்டிருந்த அறையின் வாசலில் மேலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். "யாரு கலக்கச் சொன்னது?"

அந்தக் கேள்வி என் முன்னால் நின்றது. ஒரே ஒரு சொல் போதும். 'நான்' என்று சொல்லியிருக்கலாம்.

"அவங்களாவே கலந்துட்டாங்க சார்" என்றேன். "எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன். படிக்காதவங்க... சொன்னாப் புரியுதா?"

நாக்கு கூசவில்லை. அதுதான் இன்றும் என்னைத் திகைக்க வைக்கிறது. அவ்வளவு சரளமாக வந்தது!

பழனியம்மாள் பிழைத்தார். ஆனால் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நாலடி நடந்தால் இரைப்பு. மீண்டும் தறிக்கூடத்துக்குப் போகலாமென்றால் பஞ்சுத் தூசி ஆகாது. அவருடைய தவறு என்று ஆகிவிட்டதால் நிர்வாகமும் கைகழுவிவிட்டது.

எனக்கு என்ன நடந்தது தெரியுமா? புதிதாக வரும் துப்புரவுப் பணியாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது! ஒவ்வொரு பயிற்சியிலும் அந்தக் கதையைச் சொன்னேன். "இங்க ஒரு அம்மா இருந்தாங்க. ரெண்டையும் அவங்களாவே கலந்தாங்க. ஆயுசுக்கும் மூச்சு போச்சு." அதற்குப் பிறகு யாரும் எதையும் கலக்கவில்லை. என் பொய் சிலரைக் காப்பாற்றியிருக்கலாம்... இப்படி நினைத்து என்னைத் தேற்றிக்கொண்ட நாட்களும் உண்டு. எவ்வளவு இழிவான தேற்றல்!

சென்ற ஆண்டு ஒரு பயிற்சியின் முடிவில், முன்வரிசையில் இருந்த ஒரு பெண் தயங்கித் தயங்கி எழுந்தாள். கோமதி என்று பெயர். அன்றுதான் சேர்ந்தவள்.

"ஏனுங்க மேடம், நீங்க சொன்னது எங்கம்மாவைத்தானுங்க."

"நீங்க சொல்றது நெசந்தானுங்க. அம்மாவும் அதையேதான் சொல்லும். எம்பட தப்புதான், காதுல சரியா வாங்காமப் பண்ணிப்போட்டேன்னு."

அவள் குரலில் கோபமில்லை. அவமானம் இருந்தது. தாய்க்காக அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் நின்றாள். நான்? "உட்காரு கோமதி" என்றேன். அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இளம்பிள்ளைக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன், நம்புங்கள்.

பழனியம்மாள் கட்டிலில் சாய்ந்திருந்தார். பாதியாய் இளைத்திருந்தார். என்னைக் கண்டதும் எழ முயன்று முடியாமல், "வா சாமி... ஊடு தேடி வந்திருக்கிறயே" என்றார். அந்தக் குரல்! பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கே அரைகுறையாய் எட்டும் குரல். கோமதி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு சந்தேகம் அம்மிணி. உன்னையத்தான் கேக்கோணும், வேற ஆருக்குந் தெரியாது." மூச்சு வாங்கினார். "அன்னைக்கு நீ ரெண்டையும் ஊத்துன்னு சொன்னாப்ல எனக்கு ஒரு நெனப்பு. ஒண்ணாவான்னு நான் திருப்பிக் கேட்டாப்லயும்... நீ நெசமாச் சொன்னியா, இல்ல நாந்தான் மயக்கத்துல என்னத்தையோ நெனச்சுக்கிட்டனா?"

குற்றம் சாட்டவில்லை. என்னைச் சோதிக்கவுமில்லை. தன் நினைவு சரியா என்று, அதை அறிந்த ஒரே ஆளிடம் கேட்டார். கேட்பதற்காகவே இத்தனை ஆண்டுகள் காத்திருந்திருக்கிறார்!

நிலைப்படியில் கோமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல் என்றது மனம். சொல்லிவிடு...

"இல்லக்கா" என்றேன். "நீங்க தப்பாக் கேட்டிருப்பீங்க."

அவர் என் கையை விடவில்லை. மெல்லத் தட்டிக்கொடுத்தார். "அப்பச் சரி. எனக்குத்தான் என்னமோ..." என்று முடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் பொய்யை அச்சத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது என்ன? அவருடைய மூச்சை எடுத்தது போதாதென்று, அவரிடம் மிச்சமிருந்த அந்த ஒரு நினைவையும் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறினேனே... இதற்கு என்ன பெயர்?

கோமதி இப்போது என் கீழ்தான் வேலை செய்கிறாள். நல்ல பெண். கையுறை போடாமல் ஒரு வாளியைத் தொடமாட்டாள். பயிற்சியில் அந்தக் கதையை நான் சொல்வதில்லை. ஏன் நிறுத்திவிட்டேன் என்று யாரும் கேட்கவுமில்லை. அவளிடம் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைக்கிறேன். தினமும் அவள் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுகிறாள்.

நேற்று துணி அலசிக்கொண்டே அவளாகச் சொன்னாள்.

"அம்மா இப்பெல்லாம் எதச் சொன்னாலும் ரெண்டு தடவ கேக்குதுங்க மேடம். அரிசி ஊறப் போடும்மான்னா, 'அரிசியத்தான சொன்ன, நான் சரியாத்தான கேட்டேன்'ங்குது. காது நல்லாத்தான் இருக்குதுன்னு டாக்டரு சொல்லிட்டாருங்க. அப்புறம் ஏனுங்க இப்படி?"

அவள் பதிலுக்காக நிமிர்ந்து பார்த்தாள்.

"வயசாயிருச்சில்ல கோமதி" என்றேன்.