முட்டிக்கொள்ளும் பெட்டிகளை மேய்த்த மகேஸ்வரி அக்கா

கும்பிட்டுக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். பட்டாசு மருந்து அறையில் அம்மாவோடு வேலை பார்க்கும் பெண்கள் உங்களுக்காக மட்டும் எழுதுகிறேன். வீட்டில் பேசியதை நான் வெளியே சொன்னேன் என்று தெரிந்தால் ஃபோர்மேனான அப்பாவின் வேலை போய்விடும்.

முந்தாநாள் மாலை திருத்தங்கல் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது செய்தி வந்தது. பெரியம்மா மகள் மகேஸ்வரி அக்கா மதுரை ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் இறந்துவிட்டாள். எங்கள் குடும்பத்தில் முதலில் இன்ஜினியரிங் படித்தவள். நம் பட்டாசுக் கம்பெனி அறைகளில், வயர் இல்லாமலே செய்தி அனுப்பும் பெட்டிகளை மாட்டியவள்.

சில பெட்டிகள் சூட்டை அளக்கும், சில காற்றின் ஈரத்தை. மூன்று கம்பெனிச் சாமான்கள். ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியாது. எல்லாவற்றையும் ஆபீஸிலிருந்த ஒரே கம்ப்யூட்டருக்குப் பதில் சொல்ல வைத்தாள். "ஒண்ணு நிமிஷத்துக்கு ஒருதரம் கத்துது, இன்னொண்ணு உசுப்பினாத்தான் வாயத் தொறக்குது. மூணு ஊரு மருமகளுகள ஒரே அடுப்படியில வச்சு மேய்க்கேன்டி" என்று சிரிப்பாள்.

காற்று வறண்டால் உரசலிலேயே பொறி வரும். அதனால் பெட்டி வறட்சி காட்டிச் சிவப்பு லைட் எரிந்ததும் அறையை மூடுவார்கள். அன்றைய கூலி போய்விடும். போன சீசனில் நீங்கள் செய்தது உங்களுக்கே தெரியும். ஈரம் பார்க்கும் பெட்டியின்மேல் நனைத்த துண்டைப் போர்த்தினீர்கள். அது மழைக்காலம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. மேல் மூலையில் தீப்பெட்டி அளவில் இருந்த வேறு கம்பெனிப் பெட்டியும் ஈரம் பார்க்கும் என்று உங்களுக்குத் தெரியாது. அது வறட்சி என்றது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் இரண்டும் முட்டிக்கொள்ள, குட்டு உடைந்தது.

"வேற வேற சாமான்னா முட்டிக்கத்தான் செய்யும். எல்லாத்தையும் ஒரே இனமா மாத்தும்மா" என்றார் அப்பா.

"முட்டிக்கிடட்டும்னுதான் வச்சேன் சித்தப்பா. ஒரே இனம்னா ஒரே துண்டால எல்லாத்தையும் ஏமாத்திரலாம்லா?"

போர்த்தியது யார் என்று முதலாளி கேட்டார். அக்கா ஒரு பெயரும் சொல்லவில்லை. "லைட் எரிஞ்சா கூலி போகும்னா, அண்ணாச்சி, நானே போர்த்தியிருப்பேன்" என்றாள். முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு லைட் எரிந்தால் லேபிள் ஒட்டும் கொட்டகையில் வேலை, அதே கூலி. யாரும் துண்டைத் தேடவில்லை. "எங்க அக்கா மகளாக்கும்!" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். நானும் பள்ளிக்கூடத்தில் சொன்னேன், கேட்காதவர்களிடமும்.

இன்று அக்காவை எரித்த இடத்தில் பால் ஊற்றிக் காடேற்றிவிட்டு வந்த அப்பா, அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "சின்னப் பெட்டிகளை நாளைக்குக் கழத்த முதலாளி சொல்லிட்டாக. ஒரே இனம் இருந்தாப் போதுமாம். கொட்டகை வேலையும் கெடையாது. சீசன் லோடு நிக்குது." அம்மா காலையில் அந்த அறைக்குள்தான் போகவேண்டும்.

அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அவளுடைய படிப்பு இல்லை, வாய்த்துடுக்கு மட்டும்தான். அதைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறேன். பெட்டிகளை ஏன் கழற்ற வேண்டும் என்று விடிந்ததும் அப்பாவிடம் நானே கேட்பேன். நீங்களும் பெட்டி கழற்ற ஏணி வரும்போது வாசலிலேயே நின்று, ஒருவர்கூட உள்ளே போகாமல்

அப்பா கதவைத் தட்டுகிறார்