பலகையில் ஏறிய திட்டு

என் வாய் கொஞ்சம் நீளம். நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் நாத்தனார் சொல்லிவிடுவாள்.

வீட்டுக்காரர் டெய்லர். கடையில் வெட்டுவதும் தைப்பதும் அவர். வீட்டில் உட்கார்ந்து பட்டன் நுழையும் துளைக்குக் காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் நான். துணியை அவரே கொண்டுவருவார், அவரே எடுத்துப்போவார். இரண்டு வருஷமாகக் கடைவாசல் கரும்பலகையில் தினமும் ஒரு வரி எழுதுகிறார் என்றும், தெருவே நின்று படிக்கிறது என்றும் கேள்விப்பட்டு எனக்கும் பெருமைதான்.

ஒருநாள் முடித்த சட்டைகளை வீட்டிலேயே மறந்துவிட்டார். நானே எடுத்துக்கொண்டு போனேன். பலகை முன்னால் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"சுருங்கும்னு தெரிஞ்சு துணிக்கு ரெண்டு விரல் கூட விடுறோம். மனுஷனுக்கும் கொஞ்சம் விட்டா என்ன?"

அடப்பாவி! முந்தாநாள் தன் தம்பியிடம் அவர் எரிந்து விழுந்தபோது நான் திட்டியது அது. அப்போது என்ன சொன்னார் தெரியுமா? "வாயை மூடு."

நின்றிருந்தவர்களில் எங்கள் தெருக் கணக்கு வாத்தியார் அதை நோட்டில் எழுதிக்கொண்டே, "எப்படி மாஸ்டர் இதெல்லாம் தோணுது?" என்று கேட்டார்.

"சும்மா... தோணும் சார்" என்று நெளிந்தவர், என்னைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. சட்டைகளை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

கேட்டிருந்தால் மூட்டை மூட்டையாகக் கொடுத்திருப்பேன். வீட்டில் வாயை மூடச் சொல்லிவிட்டு அதே வார்த்தைக்கு வெளியே கைத்தட்டல் வாங்கியதுதான் வயிற்றெரிச்சல். அது என்னுடையது என்று அந்த மனுஷர் நாலு பேர் முன்னால் ஒருமுறை சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அன்றிலிருந்து வாய்க்குப் பூட்டு. நிலவரத்தை நாத்தனார் வந்து சொல்வாள். முதல் நாள் பலகையில், 'அளவு சரியாக இருந்தால் சட்டை சரியாக இருக்கும்.' ஒருவரும் நிற்கவில்லையாம். மறுநாள், 'இன்று நல்ல நாள்.' மூன்றாம் நாள் பலகை காலி.

அன்று சாயங்காலம் மெல்லப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏதாச்சும் திட்டேன்."

"எதுக்கு? நாளைக்குப் பலகைக்கா?"

தலையைச் சொறிந்தார். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை அவரோடு நானும் கிளம்பினேன். அவர் ஷட்டரைத் தூக்கினார். நான் சாக்பீஸை எடுத்தேன். என் எழுத்து கோழி கிண்டியது மாதிரி இருக்கும். இருக்கட்டுமே.

"பட்டன் எல்லார் கண்ணுக்கும் தெரியுது. காஜாவை யாரு பாக்குறாங்க?"

வாத்தியார் வந்தார், படித்தார், நோட்டை எடுத்தார்.

"மூணு நாளா சப்புன்னு இருந்துச்சு மாஸ்டர். இன்னிக்குத்தான் பழைய சரக்கு. ஆனா கையெழுத்து ஏன் இப்படிக் கோணுது?"

கைவலி என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டால் தீர்ந்தது. நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். கழுத்தில் கிடந்த டேப்பை இரண்டு தடவை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எழுத்து அவளோடது சார்" என்றார். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி, "வார்த்தையும் அவளோடதுதான். எல்லாமே. நான் ரெண்டு வருஷமா காப்பியடிச்சுட்டு இருந்தேன்."



வாத்தியார் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினார். அங்கே எழுதியிருந்த 'டெய்லர் மாஸ்டர் சொன்னது' என்பதில் முதல் இரண்டு வார்த்தைகளை அடித்தார். பேனாவைப் பிடித்தபடி என்னிடம் கேட்டார்:

"உங்க பேரு என்னம்மா?"

சொன்னேன். பிழையில்லாமல் எழுதட்டும் என்று நிறுத்தி நிதானமாக இரண்டு தடவை சொன்னேன்.