இரவல் சட்டை

சலவைக்கடையில் அவனுக்கு ‘மடிப்பு’ என்று பெயர். அவன் இஸ்திரி போட்ட கால்சட்டையின் மடிப்பில் விரலை வைத்தால் வெட்டிவிடும் என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்வார்கள். ஊரார் துணிக்குத்தான் அந்த யோகம். அவனுடைய சொந்தச் சட்டைகள் கழுத்து நைந்து, நிறம் போய், கொடியிலிருந்து எடுத்த சுருக்கத்தோடு அப்படியே உடம்பில் ஏறும். நாற்பதை நெருங்கும் கல்யாணமாகாதவனை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவனும் விட்டுவிட்டான்.

இப்போது பார்க்க ஒருத்தி கிடைத்துவிட்டாள். மூக்குக் கண்ணாடி மாற்றப் போன அக்கா, அங்கே வேலை செய்யும் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்து, அவளுக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று தெரிந்துகொண்டு, தம்பியின் போன் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். போனில் மடிப்பு வேறு ஆள். சட்டைப்பையில் சாக்லேட்டை மறந்த மாப்பிள்ளை, கோட்டுக்குள் பொய்ப்பல்லை விட்டுப் போன பெரியவர் என்று கடைக் கதைகளை அவிழ்த்துவிடுவான். அந்தப் பக்கம் அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்காவிட்டால் சோறு இறங்காது என்கிற நிலைக்கு அவன் வந்த பிறகுதான், ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்கலாமா என்று கேட்டாள்.

அவ்வளவுதான், அக்கா களத்தில் குதித்துவிட்டாள். முடிவெட்டும் கடைக்குக் கூடவே போய், காதில் முளைத்ததைக்கூட விட வேண்டாம் என்று நின்று சொன்னாள். நகத்தைத் தானே வெட்டினாள். தேய்ந்த செருப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, தன் கணவரின் ஷூவில் காகிதம் திணித்துக் கொடுத்தாள். சென்ட் பாட்டிலை நீட்டும்போது மட்டும், “ரெண்டு சொட்டு போதும்டா, குளிச்சிடாதே” என்றாள்.

சிக்கல் சட்டையில் வந்தது. அக்கா ஆசையாக வாங்கி வந்தது அவன் வயிற்றின் மேல் பொத்தானுக்குப் பொத்தான் வாயைப் பிளந்தது. சனிக்கிழமை மாலை கடையைப் பூட்டும்போது அவன் கண்ணில் ஒரு பட்டுச் சட்டை பட்டது. பால் நிறம், திங்கட்கிழமை டெலிவரிக்குத் தொங்கியது. வாடிக்கையாளர் துணியைத் தன் உடம்பில் போடுகிறவன் இந்தத் தொழிலுக்கே லாயக்கில்லை என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவன் அவன். அவனே அதை எடுத்துப் பைக்குள் வைத்தான். போட்டுப் பார்த்தால் அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. கண்ணாடியில் தெரிந்த ஆளை அவளுக்குப் பிடிக்கக்கூடும் என்று முதல்முறையாகத் தோன்றியது. பாவம், நிஜமாகவே அழகாகத்தான் இருந்தான்.

காபிக்கடையில் அவள் முன்னதாகவே வந்து காத்திருந்தாள். பச்சை உடை, கண்ணுக்குக் கவனமாகத் தீட்டிய மை. பார்த்ததும் அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் உட்கார்ந்த நிமிஷமே நினைப்பெல்லாம் சட்டைக்குப் போய்விட்டது. வியர்வை ஒட்டும் என்று முதுகைச் சாய்க்கவில்லை. முழங்கையை மேசையில் வைக்கவில்லை. காபி வேண்டாம் என்றான். அவள் கேக்கில் ஒரு துண்டு வெட்டி நீட்டியபோது, க்ரீமைக் கண்டு நாற்காலியோடு பின்வாங்கினான். கேட்டதற்கெல்லாம் ஆமாம், இல்லை என்பதோடு சரி. போனில் அவ்வளவு வாயடித்தவன் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

மெல்ல மெல்ல அவள் பேச்சும் குறைந்தது. கடைசியில் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு எழுந்தாள்.

“போன்ல பேசினவர் எங்க போனார்னு தெரியல” என்றாள். “நேர்ல பாத்ததும் பிடிக்கலைன்னா சொல்லிடலாம். எனக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல.”

சொல்லி முடிப்பதற்குள் கண் நிறைந்து மை வழியத் தொடங்கியது. பைக்குள் கைக்குட்டையைத் தேடினாள், இல்லை. மேசையில் இருந்த டிஷ்யூ காகித டப்பாவும் காலி. இவளை அழ வைத்தது தான்தான் என்று அவனுக்குச் சுரீர் என்று உறைத்தது. இப்போது அவள் வாசலைத் தாண்டினால், இனி அந்தச் சிரிப்பு கிடையாது.

எழுந்தான். கையை நீட்டி, பட்டுச் சட்டையின் கைப்பட்டையால் அவள் கண்ணைத் துடைத்தான்.

“பிடிக்காம இல்லங்க. ரொம்பப் பிடிச்சிருக்கு. இந்தச் சட்டை என்னுது இல்ல, கடைக்கு வந்தது. நாளைக்குத் திருப்பிக் கொடுக்கணும். அழுக்காயிடுமோன்னு பயந்துகிட்டே உக்காந்திருந்தேன்.”

அவள் அவனையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கைப்பட்டையில் கறுப்பாக ஈஷியிருந்ததைக் கண்டு பதறினாள்.

“மை ஆயிடுச்சே. துவைச்சா போயிடும்ல?”

வெளிர் பட்டில் ஏறிய மை எதைப் போட்டாலும் போகாது. அந்த ஊரில் அவனைவிட அதை நன்றாக அறிந்தவர் இல்லை. காலையில் முதலாளி முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். வேலையே போனாலும் போகும்.

“போகாது” என்றான். “இந்தக் கண்ணுலயும் வழியுது பாருங்க.” சொல்லிக்கொண்டே மறு கையையும் நீட்டினான்.