நிழல்கோளில் அம்மா

‘நிழல்கோள்’ தொடர் மறுபடியும் வரப்போகிறது என்று அறிவித்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் அப்போது ஆறாம் வகுப்பு. பழைய தொடர் வந்த காலத்தில் நான் தொட்டிலில் கிடந்திருப்பேன். ஞாயிறு காலைகளில் மறுஒளிபரப்பு போட்டதில் பிடித்த பைத்தியம் அது. கடைசிப் பகுதியில் கேப்டன் ஆதிரை ஒரு கதவைத் திறந்து உள்ளே போகிறாள். கதவு மூடிக்கொள்கிறது. அதோடு தொடரை நிறுத்திவிட்டார்கள். ஒரு மனுஷியைக் கதவுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு இவர்களால் எப்படி நிம்மதியாகச் சாப்பிட முடிந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்தான்.

அண்ணன் ஒன்பதாவது படித்தான். ஆதிரை செத்துப்போய்விட்டாள், புதிய தொடர் அவள் மகளைப் பற்றியது என்பது அவன் கட்சி. அந்தப் பக்கத்தில் காலம் மெதுவாக ஓடுகிறது, அவள் அதே வயதில் திரும்பி வருவாள் என்பது என் கட்சி. ஊட்டி காந்தலில் எங்கள் வீட்டுப் படிக்கட்டில் தொடங்கும் சண்டை பள்ளிக்கூட வாசல் வரைக்கும் நடக்கும். நான் என்ன சொன்னாலும் அவனுக்கு ஒரே பதில்தான். “ஆதாரம் எங்க?”

டீசர் வந்தது. இருபது விநாடி. மூடுபனி, ஒரு மலைச்சரிவு, அப்புறம் ஒரு நீளமான கூடம். இடுப்பு உயரத்தில் வலை விரித்த தொட்டிகள் வரிசையாக, ஒவ்வொன்றின் கோடியிலும் ஆள் உயரக் காற்றாடி. கப்பலில் எல்லோரும் நூறு வருடம் தூங்கும் அறை இதுதான் என்று கீழே கமெண்ட்டில் அடித்துக்கொண்டார்கள். வெளிநாட்டில் எடுத்தது என்றார் ஒருவர். எல்லாம் கிராஃபிக்ஸ் என்றார் இன்னொருவர். நான் இரண்டாவது தடவை பார்த்தபோதே கண்டுபிடித்துவிட்டேன். அது அம்மா வேலை செய்யும் டீ ஃபேக்டரி. பச்சை இலையைப் பரப்பி வாட வைக்கும் மாடி. ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் வேலைக்காரர்களின் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். அந்தத் தொட்டிகளுக்கு நடுவில் ஓடித்தான் நான் போன வருடம் மேற்பார்வை பார்க்கும் கண்டக்டரய்யாவிடம் திட்டு வாங்கியிருந்தேன்.

“எல்லா டீ ஃபேக்டரியும் அப்பிடித்தான் இருக்கும்” என்றான் அண்ணன். நியாயமான பேச்சுதான். ஆனால் அவனிடம் இல்லாத ஆதாரம் என்னிடம் இருந்தது. கொஞ்ச நாளாக அம்மாவைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

முன்பெல்லாம் ஏழரைக்கு ஃபேக்டரி வேன் தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும். இப்போது வேன் வருவதே இல்லை. அம்மா ஆறு மணிக்கே தனியாகக் கிளம்பிப் போனாள். முன்பு அவள் முந்தானையை முகர்ந்தால் டீத்தூள் வாசம் வரும், இப்போது இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே அவளுடைய கைகள். விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கி, உள்ளங்கையும் நகக்கண்ணும் ஆரஞ்சு நிறத்தில் இருந்தன. நிழல்கோள் வாசிகளுக்கும் உள்ளங்கை ஆரஞ்சு நிறம்தான். முகத்துக்கு மேக்கப் போடக் காசில்லாமல் பழைய தொடரில் கையோடு நிறுத்தியிருந்தார்கள். இரண்டையும் கூட்டிப் பார்க்க எனக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை.

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சமவெளிக்காரர். பஜாரில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்குப் பிள்ளை. குளிர் வந்தால் அவருக்கு இளைப்பும் கூடவே வரும். சூலூரில் பெரியப்பா தறி போட்டிருந்தார், வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். “இந்தக் குளுருக்கு என்ற நெஞ்சு தாங்காது புள்ள. நீ அந்த வேலைய உட்டயின்னா நாளைக்கே எறங்கீரலாம்” என்பார் அப்பா. “நல்லா இருக்கற வேலைய எதுக்குங்க உடறது? கொழந்தைக படிப்பு என்னாகறது?” என்பாள் அம்மா. மாதம் ஒரு தடவையாவது இந்தப் பேச்சு வரும். அம்மாவின் வேலை ஒன்றுதான் எங்களை மலைமேல் பிடித்து வைத்திருந்தது. எனக்கும் இறங்குவதில் துளியும் இஷ்டமில்லை. சூலூரில் வேர்க்கும்.

ஒரு நாள் சாயங்காலம் அம்மா பீன்ஸ் நறுக்கும்போது பிடித்துவிட்டேன்.

“அம்மா, உங்க ஃபேக்டரியில சூட்டிங்தானே நடக்குது?”

“சூட்டிங்குமில்ல ஒண்ணுமில்ல. போய்ப் படி.”

விஷயம் தெரிந்த யாரும் ஆமாம் என்று சொல்லமாட்டார்கள். இது ரசிகர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாலபாடம். ஆதிரையாக நடித்த நடிகையே பேட்டியில் ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று சிரித்தார், நாங்கள் அதை ஆமாம் என்றுதான் எடுத்துக்கொண்டோம்.

“அப்புறம் எதுக்கு வேன் வர்றதில்ல? எதுக்கு உங்கையெல்லாம் ஆரஞ்சா இருக்குது?”

அம்மாவின் கத்தி நின்றது. முன்னறையில் அப்பா இருமிக்கொண்டிருந்தார். அம்மா அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு என் முகவாயைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள்.

“செரி கண்ணு. சூட்டிங்தான். என்னையும் கூட்டத்துல நிக்க வெச்சிருக்காங்க. வெளிய சொல்லப்படாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க. அப்பாகிட்ட மூச்சு உடாத. அண்ணங்கிட்டயும்.”

“கேப்டன் திரும்பி வர்றாங்களா?”

அம்மாவுக்குக் கேப்டன் யார் என்றே தெரியாது. “வருவாங்க, வருவாங்க” என்றாள்.

அதற்கப்புறம் நான் தரையில் நடந்ததாக ஞாபகமில்லை. அப்பாவிடமும் அண்ணனிடமும்தான் சொல்லக் கூடாது என்றாள், உலகத்திடம் சொல்லக் கூடாது என்று சொல்லவில்லையே. அப்பாவின் ஃபோனை எடுத்து டீசருக்குக் கீழே எழுதினேன்: ‘ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு டீ ஃபேக்டரியில் எடுக்கிறார்கள். கேப்டன் திரும்பி வருகிறார். எனக்கு உள்ளே ஆள் இருக்கிறது.’ அரை மணி நேரத்தில் பதில்கள் வந்தன. நாலு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் என் அண்ணனுக்குப் பங்காளிகள் போலிருக்கிறது, ஆதாரம் எங்கே என்றார்கள்.

சனிக்கிழமை அண்ணனை நச்சரித்து ஃபேக்டரிப் பக்கம் போகும் அவலாஞ்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். தோற்றால் நான் அவன் கட்சியில் சேர்ந்துவிடுவதாகப் பந்தயம். ஃபேக்டரி கேட்டுக்கு வெளியே ஜெனரேட்டர் லாரி நின்றது. உள்ளே இரண்டு பேர் ஒரு பெரிய பாறையைச் சிரித்துக்கொண்டே தூக்கிப் போனார்கள். தெர்மகோல் பாறை! நான் கத்தியே விட்டேன். அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு ஃபோட்டோ எடுத்தான். அதோடு திரும்பியிருக்கலாம். எனக்குத்தான் அது போதவில்லை. கேட்டில் நின்ற வாட்ச்மேனிடம் போய், “ஏனுங்கண்ணா, எங்கம்மா உள்ளதான் வேலை செய்யறாங்க, கொஞ்சம் கூப்புடறீங்களா?” என்றேன்.

“ஃபேக்டரி மூடி நாலு மாசமாச்சு பாப்பா. ஒருத்தருக்கும் வேலையில்ல. சும்மா கெடக்குதுன்னுதான் சூட்டிங்குக்கு உட்டிருக்காங்க.”

நான் அண்ணனை இடித்தேன். “பாத்தியா, எப்பிடிச் சொல்லிக் குடுத்து வெச்சிருக்காங்க!”

அண்ணன் சிரிக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஃபோட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்ப்பதிலேயே எனக்கு நேரம் போயிற்று. பாலாடாவில் கேரட் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் பஸ் நின்றது. அங்கே மெஷின் சுற்றுகிற சத்தம் கேட்டது. அண்ணன் சட்டென்று எழுந்து எனக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்றுகொண்டான். வெயில் அடிக்குது என்றான். அன்றைக்கு வெயிலே இல்லை. கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று கேரட் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களில் அம்மாவும் இருந்தாள் என்று அவன் என்னிடம் சொல்லப் பல வருடங்கள் ஆயின.

மறுநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். பந்தயத்தை நான் ஜெயித்ததை அண்ணன் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றேன். “அது வேற ஃபேக்டரி” என்றான் தட்டைப் பார்த்துக்கொண்டு. எனக்குத் தலைக்கேறிவிட்டது. கண்ணால் பார்த்துவிட்டு, ஃபோட்டோவும் எடுத்துவிட்டு, இப்படி ஒரு பொய்யா?

“அம்மா ஃபேக்டரிதான்! வாட்ச்மேனே சொன்னாரு, நாலு மாசமா மூடிக் கெடக்குதாம், அதுலதான் சூட்டிங்காம்! அம்மாவே நடிக்கறாங்க!”

அண்ணன் என் தொடையில் கிள்ளினான். லேட். அப்பா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா ரசக் கிண்ணத்தை வைத்த கையை எடுக்கவில்லை. அப்பாவின் பார்வை அந்தக் கைக்கு இறங்கி அங்கேயே நின்றது.

“நாலு மாசமா?” என்றார்.

“ஆமாங்க” என்றாள் அம்மா.

அவ்வளவுதான். சண்டை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அப்பா மெதுவாக, “சொல்லியிருக்கலாமில்ல புள்ள” என்றார். அம்மா எனக்கு ரசம் ஊற்றினாள்.

பரீட்சை முடிந்ததும் டி.சி. வாங்கினார்கள். சூலூருக்குப் போகச் சாமான்களை ஒரு மினி லாரியில் ஏற்றினார்கள். தொடர் பின்னால் வந்தது. ஆதிரை திரும்பியும் வந்தாள். ஆனால் இறங்கிய அன்றைக்கு எனக்கு அந்த நினைப்பே இல்லை. பர்லியாறு தாண்டியதும் ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னார்கள். அம்மா மடியில் உட்கார்ந்திருந்த நான் பல நாளாக நெஞ்சை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“நான் ரகசியத்தச் சொல்லீட்டேன்னுதான் உன்னைய சூட்டிங்ல இருந்து நிறுத்தீட்டாங்களாம்மா? அதனாலதான் நாம போறமா?”

டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த அப்பா திரும்பிப் பார்த்தார். அண்ணன் வெளியே பார்த்துக்கொண்டான். அம்மா சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு அது. என் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“அதெல்லாமில்ல கண்ணு. என்ற பார்ட்டு முடிஞ்சுருச்சு, அதான்.”

அப்பாடா என்று இருந்தது எனக்கு. என்னால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்ற நிம்மதியில், மேட்டுப்பாளையம் வருவதற்குள் அவள் தோளிலேயே தூங்கிப்போனேன்.