தனசேகரன் சார் வீடியோவில் ஒரு தப்பு

தனசேகரன் சார் இறந்துவிட்டார். நேற்று சாயங்காலம், பெர்மாஸ் ஜெயாவில் உள்ள அவர் வீட்டில், மாரடைப்பு. ஸ்டாஃப் குரூப்பில் பார்த்துத்தான் எனக்கே தெரியும்.

எங்கள் தொழிற்கல்லூரியின் ஏர்கான் பிரிவில் தமிழ் ஆசிரியர்கள் நாங்கள் இருவர்தான். ஒன்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து ஒர்க்‌ஷாப். நெருங்கிய நண்பர்கள் என்று சொன்னால் பொய்...

ஃப்ளிப்ட் கிளாஸ்ரூம் என்று ஆசிரியர்களுக்கு ஒரு கோர்ஸ் வைத்தார்கள். பாடத்தை வீடியோவாக முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும், வகுப்பில் கைவேலையும் யோசனையும் மட்டும். உயர்நிலைச் சிந்தனைத் திறன் வளருமாம். நாங்கள் எல்லோரும் ஃபாரத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் பழையபடி போர்டில் எழுதினோம்.

சார் மட்டும் நிஜமாகவே செய்தார். வீட்டு கார் போர்ச்சில் ஒரு பழைய ஏர்கானை வைத்துப் படம் எடுப்பார். நடுவில் ரொட்டிக்காரரின் ஹார்ன் கேட்கும், வெட்டவும் மாட்டார்.

ஹாஸ்டலில் இன்டர்நெட் லைன் கிடைக்காது. அதனால் எல்லா வீடியோவையும் ஒரு பழைய போனில் ஏற்றி, அங்கே காவல் இருக்கும் ஜாகாவிடம் கொடுத்து வைத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு கார்டு ரூம் வாசலில் பிள்ளைகள் கூட்டம்தான்.

போன வருஷம் அதில் ஒரு வீடியோவைப் பார்த்தேன். புது ஏர்கான் மாட்டியதும் குழாயில் இருக்கும் காற்றை பம்ப் வைத்து இழுத்துவிட்டுத்தான் கேஸைத் திறக்க வேண்டும். அரிச்சுவடி அது. இந்த மனிதர் பம்பையே தொடாமல் கேஸைத் திறக்கிறார்!

எனக்குக் கோபம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேராகப் பிரிவுத் தலைவரிடம் புகார் கொடுத்தேன். நிரூபணமானால் அவருடைய வீடியோ வகுப்பையே நிறுத்திவிடுவதாகத் தலைவர் சொன்னார். இருவரும் அவர் வகுப்பில் போய் உட்கார்ந்தோம்.

லாபிஸ் ஊரிலிருந்து வந்த மாணவி கவிதா எழுந்தாள். "சார், பம்ப் போடாம கேஸ் திறந்துட்டீங்க லா. ஈரம் உள்ள நின்னுரும், கம்ப்ரெசர் போயிரும்."

"நான் எப்பவும் அப்படித்தான் செய்றேன். ஒண்ணும் ஆகலையே? காட்டு பார்ப்போம்."

நாலு பேர் சேர்ந்து, கெட்டுப்போன கம்ப்ரெசர் ஒன்றைக் கவிழ்த்துக் கறுத்த எண்ணெயை அவர் மேசையிலேயே ஊற்றிக் காட்டினார்கள். அவர் சிரித்துக்கொண்டே மேசையைத் துடைத்தார். ஒவ்வொரு வீடியோவிலும் வேண்டுமென்றே ஒரு தப்பு வைப்பாராம். கண்டுபிடித்து, ஏன் தப்பு என்று நிரூபிப்பதுதான் வகுப்பு.

தலைவர் என்னைப் பார்த்தார். நான் என் போனைப் பார்த்தேன்.

பிறகு கேன்டீனில் சாரே என் எதிரே வந்து உட்கார்ந்தார். "டீச்சர், ஸ்டாஃப்ல தப்பைக் கண்டுபிடிச்சது நீங்க ஒருத்தர்தான். மத்தவங்க வீடியோவையே பார்க்கல லா."

அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "டீ ஆறிடுச்சு சார்" என்றேன். அதற்கப்புறம் கேட்கவே இல்லை.

இன்று காலை தலைவர் கூப்பிட்டார். திங்கட்கிழமை முதல் சார் வகுப்பு எனக்கு. சார் பிள்ளைகளுக்கு வீடியோ போடும் டெலிகிராம் குரூப்பிலும் சேர்த்துவிட்டார். கடைசி வீடியோ நேற்று மதியம் போட்டது. பத்து நிமிஷம்... நாலு தடவை பார்த்துவிட்டேன். எனக்குத் தப்பு கிடைக்கவில்லை.

அதற்குக் கீழே கவிதாவின் மெசேஜ், நேற்று மாலை நாலு மணிக்கு. "கண்டுபிடிச்சிட்டேன் சார். திங்கக்கிழமை சொல்றேன்."

அவள் சொல்வதை நான் கேட்டுக்கொள்கிறேன் சார்.

மன்னிச்சிருங்க... போய் வாங்க.